ஆணி அடிக்காத சுவர்

திருப்போரூர் பேருந்து நிலையத்தில் செங்கல்பட்டு வண்டிக்காகக் காத்திருந்தேன். யாரோ ஒருவர் மனை விற்பனைத் துண்டறிக்கையை என் கையில் திணித்துவிட்டுப் போனார். அதை மடித்துக்கொண்டிருக்கும்போதுதான் கைபேசி அடித்தது. புதுப்பட்டினம் சந்தையில் மீன் விற்கும் கஸ்தூரி பேசினார்.

“சார், கோதம்மா பூட்டாங்க சார்.”

மற்றதையெல்லாம் நானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். காய்ச்சலென்று செங்கல்பட்டில் மருத்துவமனையில் சேர்ந்திருந்த கோதை, காலையில் துணைக்கிருந்த கஸ்தூரியிடம் காபி வாங்கிவரச் சொல்லிக் குடித்தாராம். பிறகு நெஞ்சைப் பிசைகிறது என்றாராம். டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“வூட்டாண்ட எடுத்துனு போலான்னு பாத்தா ஓனரு வாணான்றாரு சார். வாடவ வூட்ல பொணத்த வெக்கக்கூடாதாம். மத்த குடித்தனக்காரங்க பயப்படுவாங்களாம். இன்னா சார் பண்றது?”

 பக்கத்திலிருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எது தமக்கு நடக்கக்கூடாது என்று கோதை ஆயுள் முழுவதும் அஞ்சினாரோ, அதுவே நடந்துகொண்டிருந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். கோதையும் நானும் ஒரே நாளில் அரசு அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஏழைகளுக்கு வீடு கட்டும் திட்டங்களை வகுப்பதும் வரைவதும் எங்கள் வேலை. எதிரெதிர் மேசை. என் மேசையில் எப்போதும் கோப்புகள் இருக்கும், அவருடைய மேசைக்கடியில் எப்போதும் மணல் இருக்கும். வாரத்தில் பாதி நாள் ஏதாவதொரு குப்பத்துக்கோ காலனிக்கோ போய்விடுவார். “வீடு கட்டறவங்க வீட்டைப் பாக்காம இருந்தா எப்படி சார்?” என்பார். அவர் காலோடு கொண்டுவந்த மணலுக்காகப் பெருக்குகிற அம்மாவிடம் திட்டு வாங்கியது பல நாள் நான்தான்.

சுனாமிக்குப் பிறகு, மாமல்லபுரத்துக்கும் புதுப்பட்டினத்துக்கும் நடுவே இருந்த ஒரு மீனவர் குப்பத்துக்குப் புது வீடுகள் கட்டப்பட்டன. வரைபடம் கோதையுடையது. அழகான வரைபடம். தார்ச்சாலையைப் பார்த்து வரிசையாக வாசல்கள், பின்புறம் சமையற்கட்டு. அலுவலகத்தில் எல்லோரும் பாராட்டினோம். குடியேறி ஓராண்டு ஆனபின் போய்ப் பார்த்தால், முன்வாசல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டிருந்தார்கள். கடலைப் பார்த்த சமையற்கட்டுக் கதவுதான் வாசலாகியிருந்தது. கதவு எண்ணும் மின்சார மீட்டரும் மட்டும் பழைய பக்கத்திலேயே இருந்தன. அன்றைக்கு ரீடிங் எடுக்க வந்த ஊழியர் சுவரைத் தட்டி, “வீட்ல யாரு?” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சிரித்துவிட்டேன். கோதையும் சிரித்தார்.

அந்த வீட்டில் குடியிருந்தவர்தான் கஸ்தூரி. அப்போது அவருக்குத் திருமணமாகிச் சில மாதங்கள்தாம் ஆகியிருந்தன. “கோச்சுக்காதம்மா. அவரு கடலுக்குப் போனா நான் ரோட்டப் பாத்துகினா குந்தினு இருப்பேன்?” என்றார்.

திரும்பி வரும்போது ஜீப்பில் கோதை அந்த வரைபடத்தை மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். கோபமா என்று கேட்டேன். “கோபமில்ல சார், பொறாமை. நான் வரைஞ்ச வாசலை அவங்க அடைச்சிட்டாங்க. என்னால எங்க வீட்டுச் சுவத்துல ஒரு ஆணி அடிக்க முடியாது” என்றார்.

அன்றுதான் தம் தந்தையைப் பற்றிச் சொன்னார். அவர் பள்ளிக்கூட எழுத்தர். செங்கல்பட்டிலேயே வீடு மாற்றி வீடு மாற்றி வாழ்ந்த குடும்பம். கோதை கல்லூரியில் படிக்கும்போது தந்தை மருத்துவமனையில் இறந்துபோனார். வீட்டுக்காரர் கேட்டை மூடிக்கொண்டு நின்றுவிட்டார். உறவினர்கள் கெஞ்சிப் பார்த்தும் நடக்கவில்லை. மருத்துவமனையிலிருந்து நேராகச் சுடுகாடு. “அம்மா வாசல் தெளிச்சிட்டு நின்னுக்கிட்டு இருந்தாங்க சார். வண்டி எங்க தெரு வழியாக்கூட வரல” என்றார். அதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. ஜன்னலுக்கு வெளியே சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தந்தையின் படத்தைக் கோதையின் வீட்டுக்குப் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக்குப் பக்கத்துச் சந்தில், அம்மாவும் போனபின் அவர் தனியாக இருந்த மாடிப் போர்ஷன். பெரிய சட்டம் போட்ட படம். ஆனால் சுவரில் தொங்காது. மேசைமேல், சுவரில் சாய்ந்து நிற்கும். ஃபேன் காற்றில் வழுக்கிவிடாமலிருக்க முன்னால் ஒரு பேப்பர் வெயிட் வைத்திருப்பார். ஆணி அடிக்கக்கூடாது என்பது வீட்டுக்காரரின் முதல் நிபந்தனை.

சில ஆண்டுகளில் அவர் அரசு வேலையை விட்டார். ஓய்வூதியம் தரும் வேலையை விடுகிறாரே என்று நான்தான் அதிகம் கத்தினேன். உள்ளேயிருந்து வரைந்தது போதும், இனி வெளியேயிருந்து கேட்கப் போகிறேன் என்றார். பட்டா இல்லாத குடும்பங்களுக்காக மனு எழுதினார், வீட்டுவசதிக் கொள்கைக் கூட்டங்களில் அழைக்காமலே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். பெரும்பாலும் பதில் சொல்ல வேண்டிய நாற்காலியில் நான் இருந்தேன். கூட்டத்தில் என்னை வறுத்தெடுத்துவிட்டு வெளியே வந்து, “டீ சாப்டலாமா சார்?” என்பார். டீயை மறுக்கும் அளவுக்கு எனக்குக் கோபம் வந்ததே இல்லை.

கட்டடக்கலை படிக்கும் மாணவிகள் சிலர் ஒருமுறை அவரைச் சூழ்ந்துகொண்டு, இந்தத் துறையில் எதிர்காலம் எப்படி என்று கேட்டார்கள். “வேலை நிறைய இருக்கும்மா. ஆயுசுக்கும் தீராது. சொந்த வீடு கட்ட முடியுமான்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க” என்றார். அவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருடைய பெரிய சண்டை கஸ்தூரியின் அதே குப்பத்துக்காக நடந்தது. கடற்கரையை அழகுபடுத்த வேண்டுமென்று, அங்கிருந்தவர்களைத் திருப்போரூர்ப் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்ற ஒரு திட்டம் வந்தது. கருத்துக் கேட்புக்கு அதிகாரிகள் குறித்த நாளில் குப்பத்தில் ஒரு பெரியவர் இறந்துபோனார். அன்று ஒருவரும் கூட்டத்துக்கு வரவில்லை. மேலதிகாரி என்னிடம் எரிந்து விழுந்தார். கஸ்தூரி வந்து சொன்னார்: “எங்க வூட்ல ஒரு சாவுன்னா நாங்க கடலுக்கே போவ மாட்டோம் சார். ஒரு படகு எறங்காது. உங்க மீட்டிங்குக்கு எப்டி வருவோம்?” அந்தப் பெரியவர் கஸ்தூரிக்கு உறவுகூட இல்லை. குப்பத்தில் யார் இறந்தாலும் அது எல்லோர் வீட்டுச் சாவு.

மறுபடி குறித்த நாளில் கோதை அதிகாரிகளை மணலுக்கு அழைத்துப் போனார். அடுக்குமாடி வீட்டின் வரைபடத்தை, வீட்டின் நிஜ அளவில், நைலான் கயிற்றாலும் முளைகளாலும் மணலில் போட்டு வைத்திருந்தார். வேலையை விட்ட பிறகு அவர் எங்கேயும் இப்படித்தான் செய்வார். தாளில் இருக்கும் வீட்டைத் தரையில் இறக்கி, குடியிருக்கப் போகிறவர்களை அதற்குள் நடக்கவிடுவார். கஸ்தூரியின் குடும்பம் தன் சாமான்களை உள்ளே கொண்டுவந்தது. மாமியாரின் கட்டில், ஐஸ் பெட்டி, மீன் கூடைகள். வலை பாதிதான் உள்ளே வந்தது. கஸ்தூரியின் கணவர் தேசிங்கு படகின் இன்ஜினைத் தோளில் தூக்கிவந்து, “மூணாவது மாடிக்கு இத்த டெய்லி தூக்கணும்ல? இப்பவே பழகிக்கிறேன்” என்று கயிற்றைச் சுற்றிச் சுற்றி நடந்தார். படுக்கையறையில் ஒரு நாய் படுத்துக்கொண்டது. மேலதிகாரி நின்ற இடம் குளியலறை என்று கோதை மிகுந்த மரியாதையுடன் அவரிடம் தெரிவித்தார்.

திட்டம் உடனே போய்விடவில்லை. கோதை நடையாய் நடந்தார். கடைசியில் அது கைவிடப்பட்டது, இருந்த இடத்துக்கே பட்டா வந்தது. பட்டா வழங்கிய நாளில் ஊர்க்கூட்டம் போட்டு, அவருக்கும் ஒரு மனை ஒதுக்குவதாகச் சொன்னார்கள். கோதை கைகூப்பி மறுத்துவிட்டார். தாம் ஒரு மனை எடுத்துக்கொண்டால், நாளை இன்னொரு குப்பத்துக்காகப் பேச வாய் இருக்காது என்றார்.

அன்று மாலை கரையில் நடக்கும்போது கேட்டேன், ஆசையே இல்லையா என்று.

“இருக்கு சார். நிறைய இருக்கு. கடலைப் பாத்து ஒரு கதவு, அப்பா படத்துக்கு ஒரு ஆணி” என்றார். பிறகு புடவை ஓரத்திலிருந்த மணலைத் தட்டிவிட்டு, “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றார்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கைபேசியில் அழைப்பார். பேருந்தின் இரைச்சல் முதலில் கேட்கும், பிறகுதான் அவர் குரல். எந்த ஊரில் எந்தக் கதவு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பாதி காதில் விழாது. விழாததற்கும் ‘உம்’ கொட்டுவேன். இப்போது நினைத்தால், அந்த இரைச்சலையாவது இன்னொரு முறை கேட்கமாட்டோமா என்று இருக்கிறது.

கஸ்தூரி தொலைபேசியில் அழுத அன்றைக்கு வருகிறேன். நான் வீட்டுக்காரரைக் கைபேசியில் கூப்பிட்டுப் பேசிப் பார்க்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். பேசினேன். அவர் மோசமான மனிதர் இல்லை, ஆனால் மசியவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் மருத்துவமனைக்குப் போய் இறங்கினால், அங்கே வேன் கிளம்பத் தயாராக நின்றது. கஸ்தூரி கண்ணைத் துடைத்துக்கொண்டு முன் இருக்கையில் இருந்தார்.

“அந்தாளு கால்ல இன்னாத்துக்கு சார் உழணும்? நம்ம வூடு கீது. ஏறு சார்.”

வேன் திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்குப் போனது. குப்பத்துக்குள் திரும்பியதும் முதலில் என் கண்ணில் பட்டவை படகுகள். வெயில் ஏறிய வேளை, கடல் அமைதியாக இருந்தது, காற்றும் தோதாக இருந்தது. மீன் வரத்து நன்றாக இருந்த வாரம் அது. ஆனால் எல்லாப் படகுகளும் கரையிலேயே கிடந்தன. வலைகள் மடித்தபடி இருந்தன.

தேசிங்கிடம் விசாரித்தேன். என்னை விநோதமாகப் பார்த்தார். “இன்னா சார் கேக்கற? நம்ம வூட்டு சாவு. எவன் படகு எறக்குவான்?”

அப்போதுதான் நான் அழுதேன். எழுபதை நெருங்கும் மனிதன் கரையில் நின்று அப்படி அழலாமா என்று யாரும் கேட்கவில்லை. கோதையைக் கஸ்தூரியின் வீட்டில், கடலைப் பார்த்த வாசலுக்கு நேரே கிடத்தினார்கள். வாசல் தெளித்திருந்தது. மாலையில் குப்பமே அவர் பின்னால் நடந்தது.

காரியம் முடிந்த மறுநாள், செங்கல்பட்டு வீட்டைக் காலி செய்ய நானும் கஸ்தூரியும் தேசிங்கும் போனோம். சாமான் அதிகமில்லை. வீட்டுக்காரர் அறை அறையாகப் போய்ச் சுவரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“இத்தனை வருஷத்துல ஒரு ஆணி அடிக்கல சார். இந்த மாதிரி ஒரு டெனன்ட் இனிமே கெடைக்க மாட்டாங்க” என்றார்.

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். கஸ்தூரி மேசையிலிருந்த பேப்பர் வெயிட்டை நகர்த்திவிட்டு, அந்தத் தந்தையின் படத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்து மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார்.

குப்பத்துக்கு வந்ததும் தேசிங்கு சுத்தியலை எடுத்துக்கொண்டு, எந்தச் சுவர் என்று கேட்டார். கடல்பக்கக் கதவை ஒட்டிய சுவரைக் கஸ்தூரி காட்டினார். முதல் அடியில் சுண்ணாம்பு பெயர்ந்து தரையில் உதிர்ந்தது. “பார்த்து, பார்த்து” என்று என் வாய் வரை வந்துவிட்டது. “இன்னும் ஓங்கி அடி” என்றார் கஸ்தூரி. ஒரு ஆணியில் தந்தை, பக்கத்து ஆணியில் மகள். கதவு திறந்திருந்தது. எதிரே படகுகள் மறுபடி கடலில் இருந்தன.

கோதை, இனி ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் பேருந்தின் இரைச்சல் கேட்காது. அதற்கு எப்படிப் பழகுவதென்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் ஓய்வெடுங்கள். அப்பாவும் மகளும் வீடு வந்து சேர்ந்தாயிற்று. உங்களை இனி யாரும் காலி செய்யச் சொல்ல மாட்டார்கள்.