எட்டுப் பேர் கூட்டம், ஒரே குரல்

கள்ளக்குறிச்சியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் ஆய்வு அலுவலகம் இருக்கிறது. காலை ஒன்பதரைக்கு வந்து காதில் ஹெட்போனை மாட்டிவிட்டால், இடியே விழுந்தாலும் மலர்விழி அக்காவைத் திரும்பவைக்க முடியாது. கிராமத்துப் பெண்களிடம் நாங்கள் பதிவு செய்துவரும் பேச்சை எழுத்தாக்குவது அவர் வேலை. எத்தனை பேருக்கு என்ன நோய் என்று எண்ணுவதற்கு வேறு ஆட்கள் உண்டு. நாங்கள் எண்ண மாட்டோம். ஏன் என்று கேட்போம், சொன்னதை அப்படியே எழுதிப் புரிந்துகொள்ள முயல்வோம். முயல்வோம் என்றுதான் சொல்கிறேன். என் பெயர் ஜெயப்பிரகாஷ், ஊர் தியாகதுருகம், இங்கே அறிக்கை எழுதுகிறவன். இந்தக் கதையில் ஒன்றும் புரியாமல் இருந்தவனும் நானே.

அக்கா எலவனாசூர்கோட்டையில் பிறந்தவர். அப்பா பொன்னுரங்கம் கூலிக்குக் கரும்பு வெட்டியவர். பன்னிரண்டாவது முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, சங்கராபுரத்தில் வாழ்க்கைப்பட்டு, தாலுகா ஆபீஸ் எதிரே மனு டைப் அடித்துக்கொண்டிருந்தவரை எங்கள் இயக்குநர் ரம்யா மேடம் அழைத்துவந்தார். ஒரு மணி நேரப் பேச்சை எழுத மற்றவர்களுக்கு ஒரு நாள் ஆகும், அக்காவுக்கு நான்கு மணி நேரம். வேகம் பெரிதில்லை. ஓர் இருமலை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவார். குழந்தை சிணுங்கினால் அதையும் அடைப்புக்குறிக்குள் எழுதுவார். "டேப்புல இருக்கறது பேப்பர்ல இருக்கணும் சார். நமக்குப் புடிச்சதச் சேக்க இது இன்னா, கல்யாணப் பத்திரிகையா?" என்பார். பிறகு பேட்டி எடுக்கவும் அவரே போகத் தொடங்கினார். கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, வேலை தெரிந்தவர்களுக்கு இருக்க வேண்டியதுதான்.

போன வருடம் கல்வராயன் மலையில் ஓர் ஆய்வு. சில பெண்கள் ஏன் இன்னும் வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது கேள்வி. வலி வந்த பிறகு மலை இறங்குவது எமனோடு பந்தயம் ஓடுவது. அதனால் முன்கூட்டியே வந்து கீழே ஆஸ்பத்திரி அருகில் தங்க ஒரு விடுதி கட்டித் தரலாமா என்று ஓர் அறக்கட்டளை எங்களைக் கேட்டிருந்தது. பெண்கள் வருவார்கள் என்றால் கட்டுவார்கள். இல்லையென்றால் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுவார்கள்.

வெள்ளிமலை தாண்டி ஒரு சிற்றூரில் எட்டுப் பெண்களை உட்காரவைத்து அக்கா பேசவைத்தார். அவரே எழுதினார். ஆயம்மாள் என்ற மூத்த பெண், "எங்களுக்கு வூட்ல பெத்துக்கறதுதான் சரி" என்று சொல்லியிருந்தார். அதன் கீழே "அனைவரும் ஒப்புக்கொள்கிறார்கள்" என்று இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் அதே வரி. எனக்கு வேலை சுலபமாகிவிட்டது. மலைப் பெண்கள் விடுதியை விரும்பவில்லை என்று இரண்டே நாளில் வரைவு எழுதி, சரிபார்க்க அக்காவிடமே கொடுத்தேன்.

படித்துவிட்டு அந்தப் பதிவை மறுபடி கேட்டார். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. நான்கு மணிக்கு என் மேஜைக்கு வந்தார்.

"தப்பு நடந்துபோச்சு சார். எட்டுப் பேர்ல ஆயம்மா ஒருத்தர்தான் பேசிக்கினு இருக்காரு. மீதிப் பேரு வாயே தொறக்கல. ஒத்துக்கறாங்கன்னு நான்தான் எழுதிட்டேன்."

"நீங்களா மலர்க்கா?"

"நான்தான். அதுல நாலு பேரு மருமவளுங்க. மாமியாருங்க பக்கத்துலயே குந்திக்கினு இருந்தாங்க. எங்க வூட்ல என் மாமியார் பேசினா பதினெட்டு வருஷமா நான் எதுத்துப் பேசினதில்ல. பேசலன்னா சரின்னு அவங்க எடுத்துக்குவாங்க. எனக்கும் அதே பழகிப்போச்சு. கை தானா எழுதிடுச்சு."

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று சொல்லிவைத்தவர் நிச்சயமாக எந்த வீட்டு மருமகளும் இல்லை.

அக்கா நேராக ரம்யா மேடத்திடம் போய், தப்பு தன்னுடையது என்று சொல்லிவிட்டார். மறைத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அறிக்கைக்குப் பத்து நாள் இருந்தது. மறுநாளே கச்சிராயபாளையம் வழியாக என் பைக்கில் மலையேறினோம்.

மாமியார்களை எழுந்து போகச் சொல்ல முடியாது. அக்கா அதற்கு வழி வைத்திருந்தார். "சார் உங்க கதையக் கேக்கத்தான் வந்துகிறாரு" என்று பெரியவர்களை என்னிடம் தள்ளிவிட்டு, இளம் பெண்களை அங்கன்வாடிக்குள் அழைத்துப் போனார். கல்யாணம் ஆகாத நான் பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பிரசவக் கதைகள் கேட்டேன். என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அவர்கள் சிரித்தார்கள். எல்லோரும் எழுந்த பிறகும் ஆயம்மாள் மட்டும் போகாமல் பேசினார். அதையும் பதிவு செய்துகொண்டேன்.

மத்தியானம் வெள்ளிமலை டீக்கடையில் அக்கா இரண்டு பதிவுகளையும் கேட்டார். கேட்டுவிட்டு டீயை ஆறவிட்டார்.

அங்கன்வாடியில் பேசியவர்களில் சுபலட்சுமி எட்டு மாதக் கர்ப்பிணி, ஆயம்மாளின் மருமகள். முதல் குழந்தை இரண்டு வருடத்துக்கு முன் பிறக்கும்போதே இறந்துவிட்டது. அவள் பேச்சு இது: "போன தடவ ஆஸ்பத்திரிக்கு லேட்டாதாங்கா போனோம். இந்தத் தடவ முன்னாடியே போயிடணும். ஆனா அங்க அத்தைய வெளிய குந்தவச்சுட்டாங்க, அழுதுக்கினே இருந்துச்சு. மறுபடி அங்க கூப்ட்டா அது தாங்காது. அதான் கேக்கல."

ஆயம்மாள் என்னிடம் சொன்னது இது: "உள்ள அவ அத்தே அத்தேன்னு கத்தறா, என்ன வுடல. அன்னிலேர்ந்து கீழ போற பஸ்ஸப் பாத்தாலே அந்தப் பொண்ணு மூஞ்சி மாறிடுது. அதான் வூடே போதும்னு அவளுக்காக நான் பேசிக்கினு இருக்கேன்."

"ரெண்டு பேரும் ஒருத்தருக்காக ஒருத்தர் வாய மூடிக்கினு இருக்காங்க சார்" என்றார் அக்கா.

"தேதி நெருங்குது. போய்ச் சொல்லிடுங்க" என்றேன்.

"எனக்கும் நாக்கு துடிக்குது. ஆனா வெளிய சொல்ல மாட்டேன்னு சொல்லித்தான டேப்ப ஆன் பண்ணேன்? இவ சொன்னத அவகிட்ட சொன்னா, நாளைக்கு இந்த மலையில எவளும் நம்மள நம்ப மாட்டா."

எழுதியதைப் பேசியவர்களிடமே திரும்பப் படித்துக்காட்டுவது எங்கள் தொழிலில் உள்ள முறை. நேரமில்லை என்று நான் எப்போதும் தாண்டிப்போகிற முறையும் அதுதான். அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். அன்றே திரும்பிப் போய் இருவரையும் தனித்தனியாகப் பார்த்து அனுமதி கேட்டார். "எல்லார் முன்னாடியும் படிப்பேன். பேரு சொல்ல மாட்டேன். ஆனா சின்ன ஊரு, கண்டுபுடிச்சிடுவாங்க. வோணாம்னா வுட்டுடறேன்."

சுபலட்சுமி வெகுநேரம் யோசித்துத் தலையசைத்தாள். அக்காவுக்கு அது போதவில்லை. "வாயால சொல்லு கண்ணு" என்றார். "படிங்க" என்றாள். ஆயம்மாள் யோசிக்கவே இல்லை. "படி. நான் இன்னா பொய்யா சொன்னேன்?"

இரண்டு நாள் கழித்து அங்கன்வாடியில் எல்லோரும் கூடினார்கள். அக்கா முதலில் மாமியார் பேச்சைப் படித்தார், பிறகு மருமகள் பேச்சை. ஏற்ற இறக்கம் இல்லாமல், மனு படிப்பதுபோலத்தான் படித்தார். "அதான் கேக்கல" என்று முடித்ததும் ஆயம்மாள் திரும்பி மருமகளைப் பார்த்தார்.

"போறியா கண்ணு?"

சுபலட்சுமி பேசவில்லை. அக்கா பேனாவைத் தொடவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"நீ கூட வருவியா அத்தே?"

"வராம? இந்தத் தடவ எவன் சொன்னாலும் வெளிய குந்த மாட்டேன்."

அக்கா அழுதார். நானும்தான்.

ஊருக்கு வந்து என் வரைவைக் கிழித்துப்போட்டேன். கூட ஒருவர் தங்கலாம் என்றால் பெண்கள் வருவார்கள், அதனால் ஒரு கர்ப்பிணிக்கு இரண்டு கட்டில், ஒன்று கூட வருகிறவருக்கு என்று புதிதாக எழுதினேன். அறக்கட்டளை ஒப்புக்கொண்டது. விடுதி எழும்பும்வரை சுபலட்சுமியால் காத்திருக்க முடியாது என்பதால் ரம்யா மேடம் கீழே ஆஸ்பத்திரியில் பேசி, மாமியாரையும் உள்ளே விடுவது என்று முடிவானது. தேதிக்குப் பத்து நாள் முன்பே இருவரும் பஸ்ஸில் மலை இறங்கினார்கள். பெண் குழந்தை. நர்ஸ் கையிலிருந்து முதலில் வாங்கியது ஆயம்மாள்தான்.