அப்பா 'ம்' சொன்னால் ஊற்றலாம்

இருபத்தேழு வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்று மது ஊற்றியவளை எல்லோரும் அளவுக்காரி என்றே கூப்பிட்டார்கள். அளவுக் கிண்ணத்தை அவள் தொட்டதே இல்லை. பாட்டிலைச் சாய்த்தால் ஒரு சொட்டு கூடாது, குறையாது. ஆனால் அந்த ஊர்ச் சட்டம் அந்தக் கையை மதிக்கவில்லை. பெண் மது ஊற்றக் கூடாது. உரிமம் வைத்திருக்கும் ஆணின் மனைவியோ மகளோ ஊற்றலாம். அதுவும் அவர் அதே அறையில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும்போது மட்டும். இல்லையென்றால் ஒழுக்கம் கெட்டுவிடுமாம். குடிக்கிறவனின் ஒழுக்கத்தைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

மேற்பார்வை பார்த்த அப்பாவுக்கு இரண்டு கண்ணும் போய் மூன்று வருடமாகியிருந்தது. முன்பிருந்த ஆய்வாளர் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு முறையும் அவள் "ஊத்துறேன்பா" என்று சொல்ல வேண்டும். அவர் "ம்" என்று சொல்ல வேண்டும். அதன்பிறகு ஊற்றலாம். படித்துத் தேர்வெழுதி வந்த மனிதர் கொஞ்சமும் கூச்சமில்லாமல் கையெழுத்துப் போட்ட உத்தரவு அது.

உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றித் தரும்படி அவள் மூன்று முறை எழுதினாள். 'ஆண் வாரிசு இருப்பின் தெரிவிக்கவும்' என்று மூன்று முறையும் ஒரே பதில் வந்தது.

அந்த வாரம் அப்பாவுக்கு மூச்சு இழுத்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, இன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடு என்றார்.

"நான் அங்க போய்ப் படுத்துட்டா இங்க யாரு 'ம்' சொல்றது?" என்றார் அப்பா.

"கடை கிடக்கட்டும்பா."

"ஏழு நாள் பூட்டிக் கிடந்தா உரிமம் ரத்து. நாம இருக்குற மாடி ரூமும் அதோட போயிரும். நாப்பத்தாறு வயசுல நீ எங்கடி போவ?"

அவள் அவரை நடத்திக்கொண்டு போய் மூலை நாற்காலியில் உட்காரவைத்தாள்.

தினமும் வரும் பம்ப் மெக்கானிக் அன்றும் வழக்கம்போல் வம்புக்கு இழுத்தான். "ஒண்ணு பண்ணு அளவுக்காரி. உரிமத்த என் பேருக்கு மாத்திட்டு என்னையே கட்டிக்கோ. நான் மூலைல உக்காந்து 'ம்' சொல்றேன்."

"ரெண்டாவது கிளாஸ்லயே உன் நாக்கு சுருண்டுக்கும். நீ 'ம்' சொல்றதுக்குள்ள நான் கிழவி ஆயிருவேன்."

மூலை நாற்காலியில் அப்பாவும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, பிறகு அடங்கியது.

மதியம் பட்டறை ஆட்கள் வந்ததும் கடை நிறைந்தது. "ஊத்துறேன்பா" என்றாள், ஊற்றினாள். மறுபடி சொன்னாள், ஊற்றினாள். வருடக்கணக்கில் கேட்ட பதிலுக்கு யார் காது கொடுப்பார்கள்? நான்காவது கிளாஸுக்குப் பாட்டிலைச் சாய்த்தபோது புதிய ஆய்வாளர் கவுண்டர் முன்னால் நின்றிருந்தார்.

"பெரியவர் 'ம்' சொன்ன மாதிரி தெரியலயே?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் தலை தோளில் சரிந்திருந்தது. மெக்கானிக் ஓடிப்போய்க் கையைத் தொட்டான். தொட்டவன் கையை விடவில்லை.

"போயிட்டார் அளவுக்காரி."

ஆய்வாளர் தொப்பியைக் கழற்றினார். பிறகு நோட்டைத் திறந்தார்.

"எத்தனை மணிக்கு?"

கவுண்டரில் இருந்த கிளாஸ்களைப் பேனாவால் எண்ணினார்.

"இந்தக் கிளாஸெல்லாம் அதுக்கு முன்னாடி ஊத்துனதா, பின்னாடி ஊத்துனதா? பின்னாடின்னா ஒவ்வொண்ணும் தனித்தனிக் குற்றம்."

"முன்னாடிதான் சார்," என்றான் மெக்கானிக். "இப்பத்தான் 'ம்'னார். என் காதால கேட்டேன்."

"நானும் கேட்டேன் சார். அரை மணி முன்னாடி," என்றான் பட்டறை ஆள் ஒருவன், உதவி செய்வதாக நினைத்து.

"இப்பவா, அரை மணி முன்னாடியா?"

"விடுங்கப்பா," என்றாள் அவள். "மூணு வாட்டி ஊத்துனேன் சார். 'ம்' வந்துச்சான்னு ஒரு வாட்டி கூட நான் காது கொடுத்துக் கேக்கல. அஞ்சடி தூரத்துல எங்கப்பா செத்துக்கிட்டிருந்திருக்கார், நான் கேக்கல."

ஆய்வாளர் எழுதிக்கொண்டார். "பாட்டில கீழ வைம்மா. மூடிய நீ தொடாத. யாராவது ஆம்பளை வந்து மூடுங்க."

மெக்கானிக் வந்தான். மூடப் போய், பாட்டில் சாய்ந்து, மது கவுண்டர் முழுக்க ஓடியது. சட்டப்படி அதில் குற்றம் ஏதுமில்லை.

"மாடிய ஏழு நாள்ல காலி பண்ணிடணும். இங்க ஒரு கையெழுத்து போடும்மா."

அவள் நாற்காலி முன்னால் மண்டியிட்டு, அப்பாவின் நெஞ்சில் காதை அழுத்தி வைத்திருந்தாள். பேனாவை நீட்டிய ஆய்வாளரைப் பார்த்து, சத்தம் போடாதீர்கள் என்று கையை உயர்த்திக் காட்டினாள்.