சீல் உடையாத குப்பி

அந்த ஆய்வகத்தில் பத்தொன்பது வருஷமாக ஜெல் ஊற்றுகிறவளுக்கு ஜெல் அக்கா என்றே பேர். அவளைவிட எட்டு வயது மூத்த பேராசிரியரும் அப்படித்தான் கூப்பிடுவார். அவள் கை படாத கட்டுரை அங்கே கிடையாது. அவள் பேர் அச்சான கட்டுரையும் கிடையாது. இந்தத் தடவைதான் மூன்றாவது பேராக அவளையும் சேர்த்திருந்தார்கள். பஸ் ஓட்டும் கணவர் அதை டிப்போ முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டார்.

விஷயம் ஒரு புரதம். எந்த ஜீன் வேலை செய்யலாம், எது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று டி.என்.ஏ.மேல் உட்கார்ந்து அதிகாரம் பண்ணுவது. அது ஆர்.என்.ஏ.வையும் பிடிக்கிறது என்பதுதான் கட்டுரையின் புதுச் சேதி. ஜெல்லில் இட்டு மின்சாரம் பாய்ச்சினால் தனி ஆர்.என்.ஏ. கீழே ஓடிவிடும், புரதம் பிடித்த ஆர்.என்.ஏ. மட்டும் இடுப்பில் பிள்ளையைச் சுமந்தவள்போல் பின்தங்கி மேலே ஒரு கோடாக நிற்கும். கோடு அழகாகவே நின்றிருந்தது. அந்த ஆர்.என்.ஏ.வைத் தயாரித்தவள் அக்கா.

கட்டுரையை அனுப்ப இரண்டு நாள் இருக்கும்போது ஃப்ரீசரைத் துப்புரவு செய்தாள். அடித்தட்டில் ஒரு குப்பி, சீல் உடையாமல் இருந்தது. டி.என்.ஏ.வை அழிக்கும் நொதி. அந்த வேலைக்கென்று வாங்கியது அது ஒன்றுதான். டி.என்.ஏ.வை அச்சாக வைத்து ஆர்.என்.ஏ. செய்தபின், இந்த நொதியைச் சேர்த்து அச்சை அழித்துவிட வேண்டும். நோட்டில் அதற்கு நேரே டிக் இருந்தது. செய்வதற்கு முன்பே டிக் போடுவது அவள் பழக்கம். மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்து, அன்று பாதியில் ஓடியது ஞாபகம் வந்தது.

சாப்பாட்டு நேரத்தில், ஆளில்லாதபோது, அன்று தயாரித்த ஆர்.என்.ஏ.வில் மிச்சமிருந்ததை எடுத்து, ஆர்.என்.ஏ.வை அழிக்கும் வேறொரு நொதியை அதில் கலந்து, புரதத்தைச் சேர்த்து ஜெல்லில் ஓட்டினாள். கோடு ஆர்.என்.ஏ.வுடையது என்றால் மறைய வேண்டும். மறையவில்லை. புரதம் பிடித்திருந்தது மிச்சமிருந்த டி.என்.ஏ.வைத்தான். ஜெல்லில் கோட்டைக் காட்டும் சாயத்துக்கு டி.என்.ஏ.வும் ஆர்.என்.ஏ.வும் ஒன்றுதான்.

அந்த ஜெல்லை எடுத்த படத்தைக் கிழித்துப் போட்டால் கேட்பாரில்லை. கிழிக்கத்தான் நினைத்தாள், மறைப்பானேன். பிறகு அதைப் பேராசிரியரின் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னாள். அவர் கத்தவில்லை. ஆர்.என்.ஏ. பகுதியையே எடுத்துவிடலாம் என்றார். அதோடு அவள் பேரும் போகும் என்பதை இருவருமே பேசவில்லை. இந்தக் கட்டுரைக்காக மூன்று வருஷம் உழைத்த ஆய்வு மாணவி பாத்ரூமில் போய் அழுதாள். அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை.

வீட்டில் கணவர் கேட்டார்: "அப்ப உன் பேரு வராதா?"

"வராது."

"டிப்போல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே."

"இதையும் சொல்லிடுங்க," என்றாள் அவள். "தப்பு பண்ணது நான்தான்னு. அதைக் கண்டுபிடிச்சதும் நான்தான்னு சேர்த்துச் சொல்லுங்க."