பூசணிக்காய்க்குள் காசு

அடுகோடியில் ஆயுத பூஜை என்றால் பட்டறைக்குப் பட்டறை பூசணிக்காய் உடையும். ஊர்க்கண் அதோடு ஒழியும். உடைந்தது என்னிடம் வரும். பூங்காவுக்குப் பின்னால் இருக்கும் உரக் கொட்டகையை நடத்துவது நான்தான். எந்த ஈரக்குப்பையையும் அரைத்து எருவாக்கிக் காட்டுவேன் என்று அலட்டிக்கொள்வேன். அலட்டலில் பொய் கிடையாது.

அப்படிப்பட்ட என்னை ஒரு ரூபாய் கவிழ்த்தது. பூசணியைக் குடைந்து, குங்குமத்தோடு காசும் போட்டு உடைப்பது வழக்கம். தெரிகிற காசைப் பிள்ளைகள் பொறுக்கிவிடுவார்கள். சதைக்குள் புதைந்திருந்த ஒன்று அரைக்கிற மிஷினுக்குள் போய் பிளேடை உடைத்துவிட்டது. அந்த வருடம் எங்கள் வார்டுப் பூசணி முழுக்க லாரி ஏறி, நகரத்துக் குப்பையைக் கொட்டும் பழைய கல் குவாரிக்குப் போனது. குவாரிக்கு அடுத்த ஊரில்தான் என் தங்கை வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அழுகிய குப்பையின் சாறு மழையோடு அவர்கள் நிலத்துக்குள் இறங்குகிறது. மழை விட்டதும் ஃபோன் செய்தாள்.

"அக்கா, போர் தண்ணி டீ கலர்ல வருது. குழந்தையைக் குளிப்பாட்டவே பயமா இருக்கு."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அடுத்த பூஜையன்று காலையிலேயே கிளம்பிவிட்டேன். முதலில் லேத் பட்டறை முதலாளி. காசு விஷயத்தை எடுத்ததுமே கேட்டார்.

"காசு போடாம திருஷ்டி கழியுமாம்மா?"

"போடுங்கண்ணா, யார் வேணாம்னா? உடைச்சதும் தேடி எடுத்துடுங்க. உங்க லேத்துக்குள்ள காசு விழுந்தா சும்மா இருப்பீங்களா? என்னோடதும் மிஷின்தான். அதுக்கும் இன்னிக்குத்தான் பூஜை."

அவர் பூசணியை உடைத்ததும் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு, தானே குந்தி உட்கார்ந்து சதையைத் துழாவினார். அவரே குனிந்த பிறகு பக்கத்துப் பட்டறைகள் நிமிர்ந்து நிற்குமா?

கடைசி மூட்டை அரைபடும்வரை பயமாகத்தான் இருந்தது. பிளேடு உடையாமல் தப்பியது. மறுநாள் குவாரி லாரி டிரைவர் குவாரிக்கென்று மிஞ்சிய எங்கள் இரண்டே மூட்டைகளைப் பார்த்து, "ஏனக்கா, இஷ்டேனா?" என்று கன்னடத்தில் கேட்டார். இவ்வளவுதான் என்று கையை விரித்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

தங்கையிடம் சொன்னேன். அவள் துள்ளவில்லை.

"மத்த ஏரியா குப்பை வந்துக்கிட்டுதானே இருக்கு? உன் பூசணி நின்னா எங்க தண்ணி தெளிஞ்சிடுமா?"

"தெளியாதுடி. அதான் நாளைக்குப் பக்கத்து வார்டுல பேசப் போறேன்."



"இரு, நானும் வரேன். எங்க தண்ணி ஒரு பாட்டில் எடுத்துட்டு வரேன். நீ பேசு. நான் காட்டறேன்."