திறக்காத கணக்கு

சின்னக் காஞ்சிபுரத்துத் தேசிகன் ஒரு பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். திருமுக்கூடல் கல்வெட்டுகளைத் தடுமாறாமல் வாசிப்பவர். இரண்டாயிரத்து மூன்றில் ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஈமெயில் கணக்குக் கொடுத்தார்கள். அதைத் திறக்கத் தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. யார் கேட்டாலும், "என் கணக்குல ஏதோ கோளாறு" என்று சமாளித்துவந்தார்.

ஒருநாள் கம்ப்யூட்டர் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அந்தோணி, ஆசிரியர்கள் உட்காரும் அறைக்கே வந்துவிட்டார்.

"கோளாறுன்னு சொன்னீங்களேன்னு பாத்தேன் சார். கணக்கு நல்லாத்தான் இருக்குது. நீங்க இன்னும் ஒரு தடவகூட உள்ள போகலன்னு காட்டுது."

அவர் வெகுளியாகத்தான் சொன்னார். ஆனால் அறையிலிருந்த மற்ற ஆசிரியர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தேசிகனுக்குக் காதுமடல் சுட்டது.

அந்தோணி அவரைக் கூடத்துக்கு அழைத்துப்போய் பாஸ்வேர்டு போடக் கற்றுக்கொடுத்தார். திரையில் பழைய மாணவி ஜாஹ்னவியின் கடிதங்கள் வரிசையாக நின்றன. தில்லியில் ஆராய்ச்சிப் படிப்பில் சேர அவருடைய பரிந்துரை வேண்டுமென்று கெஞ்சியிருந்தாள். கடைசிக் கடிதத்தில், "தேதி முடிஞ்சிடுச்சு சார். உங்களுக்கு இஷ்டமில்லன்னு புரிஞ்சுக்கிட்டேன்" என்று இருந்தது.

"அந்தக் குழந்தை என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பா!" என்றார் தேசிகன்.

"பதில் போடுங்க சார்" என்று சொல்லிவிட்டு அந்தோணி வெளியே போனார்.

உடம்பு சரியில்லை என்று எழுத ஆரம்பித்தவர் அதை அழித்தார். 'எனக்கு இதைத் திறக்கத் தெரியாதம்மா. யாரையும் கேட்க வெட்கப்பட்டேன். அதில் உனக்கு ஒரு வருஷம் போயிற்று' என்று எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டி அனுப்பினார்.

சில நாளில் பதில் வந்தது: 'அடுத்த வருஷத்துக்கு எழுதித் தாங்க சார்.'

அவள் கோபித்திருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.