புல்வெளியில் மாட்டிக்கொண்டோம்

இன்றைக்கு சித்ரதுர்கா பக்கத்துப் புல்வெளியில் நேற்று பெங்களூரிலிருந்து சைக்கிளில் கிளம்பிய நானும் ஆபீஸ் தோழி கவிதாவும் மாட்டிக்கொண்டோம்.

எவ்வளவு மிதித்தாலும் எதிர்காற்று நகரவிடவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு மரமோ கடையோ இல்லை. தண்ணீரும் தீர்ந்துபோச்சு.

"என்னால முடியலடா" என்று கவிதா ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் உதடு வெடித்திருந்ததைப் பார்த்து எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. கூட்டி வந்தவன் நான்தானே.

அரைமணி கழித்து ஆடு மேய்க்கும் ஒருவர் வந்தார். தன் தண்ணீரைக் கொடுத்தார். கம்பளியை விரித்துப் பிடித்து அவளுக்கு நிழல் தந்தார். அந்த வழியாக வந்த பால் வண்டியை நிறுத்தி எங்களை ஏற்றியும் விட்டார்.

ஏறும்போது கன்னடத்தில் கேட்டார்: "பெங்களூரிலிருந்தா வர்றீங்க? ஏன், பஸ் இல்லையா?"

கவிதா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பெங்களூர் ஜீவனஹள்ளி வீட்டுக்கு வந்தும் எனக்கு பதில் தோணல. சைக்கிள்காரங்க யாராவது சொல்லுங்களேன்.