பக்கவாசலில் இருந்து நூறு மீட்டர்

பேரூராட்சிப் பகுதியில் பள்ளிக்கூடத்திலிருந்து நூறு மீட்டருக்குள் மதுக்கடை கூடாது. பள்ளி வாசலிலிருந்து ஆள் நடக்கும் வழியாகவே அளக்க வேண்டும். தாலுகா அலுவலகத்தில் காலம் தள்ளியவன் என்பதால் இதை இன்றும் தூக்கத்தில் ஒப்பிப்பேன். ஒப்பித்ததும் ஓர் அளவுநாடா கண்முன் வந்துவிடும். நிலக்கோட்டையில் பக்கத்து வீட்டு டீச்சர் ஒரு முனையையும் நான் மறுமுனையையும் பிடித்து நடந்த நாடா.

கடைகளை அரசே நடத்தத் தொடங்கிய காலம். டீச்சர் வேலை பார்த்த மாதா கோயில் பள்ளிக்குப் பின்தெருவில் ஒரு கடை முளைத்தது. அவருடைய வீட்டுக்காரர் பூ மார்க்கெட்டில் எடை போடுபவர். முன்பு கடை ஊருக்கு வெளியே இருந்ததால், நடக்கச் சோம்பல்பட்டே பாதி நாள் குடிக்காமல் இருந்தவர். இப்போது வீட்டுக்கு வரும் வழியிலேயே கடை. ஈரல் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "கடை நகந்தா இந்த மனுசன் இன்னுங் கொஞ்ச வருசம் இருப்பாரு சார். எழுதிக் குடுங்க" என்றார் டீச்சர்.

அதே மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒருவர் கஞ்சா புகைப்பார். அதுவும் அவரை வாழவைக்கவில்லை. அவருக்குப் புத்தி பிசகியது, சம்சாரம் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். ஆனால் மடியில் ஒரு பொட்டலம் இருந்ததற்கு உடனே போலீஸ் ஜீப் வந்தது. யாரும் எதையும் அளக்கவில்லை. ஏறும்போது டீச்சரின் வீட்டுக்காரரைப் பார்த்து, "ஏலே, ஒன் சரக்குக்குக் கவர்மெண்டு சீலு, எனக்கு வெலங்கா? நீ குடிலே, நாட்டுக்கு நல்லது" என்றார்.

"நீ வாரதுக்குள்ள ஒன் பங்கையும் சேத்துக் குடிச்சிர்றேன், போ."

மார்க்கெட்டே சிரித்தது. பூ வாங்க வந்திருந்த டீச்சர் சிரிக்கவில்லை.

பள்ளியின் பக்கவாசலிலிருந்து அளந்தால் கடை நூறு மீட்டருக்குள் வந்தது. மனு போனது. விசாரணைக்கு ஆள் வருவதற்குள், குடித்தவர்கள் அந்த வாசலில் விழுந்து கிடப்பதையும் பிள்ளைகள் அவர்களைத் தாண்டிப் போவதையும் பொறுக்காமல், டீச்சரே நல்ல திண்டுக்கல் பூட்டாக வாங்கிப் பூட்டிவிட்டார். வந்த அதிகாரி பூட்டைத் தொட்டுப் பார்த்தார். "ஆள் நடக்காத வாசல் வாசல் இல்லையேம்மா." முன்வாசல் வழியாகச் சுற்றி அளந்தார், நூறு மீட்டரைத் தாண்டியது, கடை சட்டத்துக்குள் வந்துவிட்டது. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன். இன்றுவரை நிம்மதியைக் கெடுப்பது அதுதான்.

"பூட்டைத் தொறந்து வச்சிட்டுத் திரும்ப அளக்கச் சொல்வோமா டீச்சர்?"

"தொறந்தா குடிகாரனுக பிள்ளைக கால்ல மிதிபடுவானுக. பூட்டுனா இவரு போயிருவாரு. எதச் சார் செய்ய?" என்றவர், பூட்டைத் திறக்கவில்லை.

நான் மேல்முறையீடு எழுதினேன். கஞ்சாக்காரர் தண்டனை முடிந்து திரும்பியும் பதில் வரவில்லை.

நாடா என் பீரோவில் இருக்கிறது. இப்போதும் அந்தத் தெருவில் நடந்தால் மனசு தானாக அளக்கத் தொடங்கிவிடுகிறது. பதிலும் ஒருநாள் வந்தது: 'கடை விதிகளுக்கு உட்பட்டே இயங்குகிறது.' வந்த நாள், மாதா கோயிலில் டீச்சரின் வீட்டுக்காரருக்கு முப்பதாம் நாள் நினைவுப் பூசை.